பெட்டியை பின் கதவுல திறங்க: கப் ஜெயிச்ச காலேஜ் ஹாக்கி தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளா, வணக்கம்.

அமெரிக்க காலேஜ்கள்ல ஐஸ் ஹாக்கி ஆடி, அங்கருந்து என்.எச்.எல்.ங்கற பெரிய புரொபஷனல் ஹாக்கி லீக்குக்குப் போய், ஸ்டான்லி கப்ல பேர் பொறிக்கற அளவுக்கு வந்துட்ட எல்லாருக்கும்தான் இந்த மடல், இனிமே ஜெயிக்கப் போறவங்களுக்கும் சேர்த்து. உங்கள்ல சில பேர் எனக்கு அண்ணன் வயசு, ஆனா பெரும்பாலும் சின்னப் பசங்கதான், அதனால தம்பின்னே கூப்பிடறேன், கோச்சுக்காதீங்க. இதை ஏன்யா தமிழ்ல எழுதறன்னு கேப்பீங்க. இங்கிலீஷ்ல எழுதி ரெண்டு மூணு இடத்துக்கு அனுப்பிப் பார்த்தாச்சு, உங்க ஆர்வத்துக்கு நன்றின்னு கம்ப்யூட்டர் ஒரு பதில் போட்டுச்சு, அதோட சரி. தமிழ்ல எழுதினா நம்ம ஆளுங்களாவது படிப்பாங்க. பாஸ்டன்லயும் மினியாபொலிஸ்லயும் டெட்ராய்ட் பக்கமும் விடியக்காலை அஞ்சு மணிக்கு ஃப்ளாஸ்க்ல காபியை ஊத்திக்கிட்டு பிள்ளையை ரிங்க்குக்கு, அதாவது ஐஸ் மைதானத்துக்கு, கூட்டிட்டுப் போற தமிழ் அப்பா அம்மா எனக்குத் தெரிஞ்சே நிறைய பேர் இருக்காங்க, அவங்கள்ல ஒருத்தர் கோச் கிட்ட சொல்லி, அந்த கோச் கூட ஆடுன ஆள்கிட்ட சொல்லி, எப்படியோ சுத்தி வளைச்சு உங்க காதுக்கு வந்துடும்னு ஒரு நப்பாசை.

கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கப்போட உங்களுக்குக் கிடைக்கற அந்த ஒரு நாள்ல ரெண்டு மணி நேரம் ஒதுக்கி அதை நீங்க படிச்ச காலேஜுக்கு கொண்டு வாங்க. கொண்டு வர்றவங்க ஏற்கெனவே இருக்கீங்க, தெரியும். நான் சொல்ல வந்தது எப்படிக் கொண்டு வரணும், எந்த வாசல் வழியா கொண்டு வரணுங்கறது, அதுக்குத்தான் இவ்வளவு நீளம்.

முதல்ல இந்த விளையாட்டு தெரியாத நம்ம ஜனங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன், தம்பிகளா நீங்க இதைத் தாண்டிப் போயிடலாம். ஸ்டான்லி கப்ங்கறது என்.எச்.எல். சாம்பியனுக்குக் குடுக்கற கோப்பை. கனடாவுல கவர்னர் ஜெனரலா இருந்த லார்டு ஸ்டான்லி 1892ல பத்து கினி (அந்தக் கால பிரிட்டிஷ் காசு) குடுத்து வாங்கின ஒரு வெள்ளிக் கிண்ணம்தான் ஆரம்பம், அப்புறம் பேர் எழுத இடம் பத்தாம பத்தாம கீழ வளையம் வளையமா சேர்த்து இப்போ கிட்டத்தட்ட மூணடி உசரம், பதினஞ்சரை கிலோ, அதாவது நம்ம வீட்டு காலி கேஸ் சிலிண்டர் வெயிட். ஜெயிச்ச டீம்ல இருக்கறவங்க பேரை எல்லாம் மான்ட்ரியல்ல வச்சு ஒவ்வொரு எழுத்தா சுத்தியலால தட்டி அதுல ஏத்துவாங்க. கையால அடிக்கறதால தப்பும் வந்திருக்கு, 1972ல பாஸ்டன்ங்கற பேர்ல ரெண்டு இடத்துல ஓ போட வேண்டிய எடத்துல க்யூ அடிச்சு வச்சிருக்காங்க, 1981ல ஐலண்டர்ஸ் பேர்ல ஒரு எழுத்தையே முழுங்கிட்டாங்க, அதெல்லாம் அப்படியே விட்டுட்டாங்க. எனக்கு இந்தக் கோப்பையை ரொம்பப் பிடிச்சதே அதனாலதான். ஊர்ப் பக்கம் கோயில் கல்வெட்டுல உபயதாரர் பேரை தப்பா வெட்டிட்டு அப்படியே விட்டுடுவாங்கல்ல, அது மாதிரி.

இன்னொரு கூத்து, வேற எந்த விளையாட்டுலயும் நான் கேள்விப்படாதது. 1995லேர்ந்து, ஜெயிச்ச டீம்ல ஒவ்வொரு ஆளுக்கும் கோடையில ஒரு நாள் அந்தக் கப் சொந்தம். டொரன்டோவுல இருக்கற ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம்ங்கற மியூசியத்துலருந்து காவலுக்கு ஒரு ஆள் கூடவே வருவார், வெள்ளை கையுறை போட்டுக்கிட்டு, ஒரு பெரிய கறுப்புப் பெட்டியில கப்பைத் தூக்கிக்கிட்டு. மத்தபடி உங்க இஷ்டம். அதுல கார்ன்ஃப்ளேக்ஸ் போட்டு சாப்பிடலாம், குழந்தையை உக்கார வைக்கலாம், ஊர்வலம் போகலாம். ஃபில் கெஸ்ஸல் 2016ல டொரன்டோ குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனார், அதுவும் அந்த ஊர் டீம் அவரைத் தள்ளிவிட்டதுக்கு அப்புறம். சாக் ஒயிட்கிளவுட் 2023ல தன்னோட சூ வேலி டகோட்டா பூர்வகுடி மக்கள்கிட்ட கொண்டு போனார். சொந்த ஊர் முதல்லங்கறதுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்ல. பெத்த அம்மா வீட்டுக்குப் போகாம காலேஜுக்கு வான்னு சொல்ல நான் யாரு.

சரி, எனக்கு என்ன இதுல அக்கறை. நான் சாத்தூர்க்காரன். எங்களுக்கு ஹாக்கின்னா பக்கத்துல கோவில்பட்டியில ஆடற ஹாக்கிதான், வளைஞ்ச மட்டை, வெயில், செம்மண். எம்.எஸ். படிக்க கிழக்குக் கரையில ஒரு சின்ன ஊர் காலேஜுக்கு வந்தப்போ, எஃப்-1 விசாவுல கேம்பஸ்க்குள்ள மட்டும்தான் வேலை பாக்கலாம், அதுவும் செமஸ்டர் நடக்கறப்ப வாரத்துக்கு 20 மணி நேரம். லைப்ரரி வேலையெல்லாம் எனக்கு முன்னாடி வந்த ஆந்திரா பசங்க புடிச்சிட்டாங்க, மிச்சம் இருந்தது ரிங்க்ல ஸ்கேட் வாடகைக்குக் குடுக்கற கவுண்டர். காலேஜ் பேர் வேண்டாம், விடுங்க, கீழ நான் சொல்லப் போறதுக்கு அவங்க மட்டும்தான் பொறுப்புன்னு நான் நினைக்கல.

அந்த ரிங்க்ல ஒரு பெரியவர் இருந்தார். ஸாம்போனி (ஐஸை சுரண்டி வழவழப்பாக்கற வண்டி) ஓட்டறது, பைப்ல ஓடற குளிர்தண்ணியை கண்காணிக்கறது, ஸ்கேட்டுக்கு சாணை பிடிக்கறது, கண்ணாடி உடைஞ்சா மாத்தறது, எல்லாம் அவர் தலையிலதான். எனக்கு முதல் நாள் சொல்லிக் குடுத்தது, ஷூ சைஸ்ல ஒண்ணு குறைச்சு ஸ்கேட் குடு, அவங்க வலிக்குதுன்னு சொல்லுவாங்க, வலிக்கட்டும், லூசா இருந்தா கணுக்கால் போயிடும். சாணை பிடிச்சு முடிச்சதும் பிளேடை கட்டைவிரல் நகத்து மேல லேசா இழுத்துப் பார்ப்பார், நகத்துல மெல்லிசா ஒரு சுருள் வரணும், வரலன்னா மறுபடி மெஷின்ல வைப்பார். அவர் கிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு, எண்ணெய்க் கறையோட, அதுல டீம்ல ஒவ்வொரு பையனுக்கும் பிளேடு எவ்வளவு குழிவா வேணும்னு பென்சில்ல எழுதி வச்சிருப்பார், ஒருத்தனுக்கு அரை இஞ்ச், இன்னொருத்தனுக்கு கொஞ்சம் கூட, பையன் ஃபார்ம் போனா அடிச்சிட்டு மாத்தி எழுதுவார்.

அந்த டீம்ல ஒரு தம்பி. முதல் வருஷம். வீட்டு ஞாபகம் போல, ராத்திரி பதினோரு மணிக்கு கதவைத் தட்டுவான். ரூல்படி உள்ள விடக்கூடாது. பெரியவர் பாதி லைட்டை மட்டும் போட்டுட்டு, நான் கணக்கு எழுதிட்டு இருக்கேன், நீ என் கண்ணுல படலன்னு சொல்லுவார். அவன் அரை இருட்டுல ஒத்தையா ஸ்கேட் பண்ணிட்டு இருப்பான், நான் கவுண்டர்ல உக்காந்து அசைன்மென்ட் பண்ணிட்டு இருப்பேன், அந்த பிளேடு ஐஸைக் கிழிக்கற சத்தம் இருக்கே, அதைக் கேட்டுக்கிட்டே ஒரு தீசிஸ்ல பாதியை எழுதினேன்னு சொன்னா நம்புவீங்களா. முடிச்சிட்டுப் போறப்போ அவன் சாப்பிட்டியாடாங்கற மாதிரி ஏதோ பெரியவர் கேப்பார், அவன் இல்லைம்பான், ஃப்ரிட்ஜ்லருந்து அவர் சாண்ட்விச்சுல பாதி அவனுக்குப் போகும்.

பல வருஷம் கழிச்சு அந்தத் தம்பி கப் ஜெயிச்சான். நான் அப்போ வேலை கிடைச்சு ஒன்றரை மணி நேர தூரத்துல இருந்தேன். ஜூலை மாசம் கப்பை காலேஜுக்கு எடுத்துட்டு வர்றான்னு கேள்விப்பட்டதும் லீவு போட்டு, பொண்டாட்டி பிள்ளையோட கிளம்பிப் போனேன். போனா, புல்வெளியில வெள்ளைக் கூடாரம், வாசல்ல கையில பட்டை கட்டற பொண்ணு. பட்டை யாருக்குன்னா நன்கொடை குடுத்தவங்களுக்கு. நாங்க பழைய மாணவன்தான்னு சொன்னேன், லிஸ்ட்ல இல்லைன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, அதுவும் மணிக்கு இவ்வளவுன்னு சம்பளம் வாங்கற புள்ளைதான்.

நான் சுத்திக்கிட்டு ரிங்க் பின்னாடி போனேன், பெரியவரைப் பாத்துட்டு வரலாம்னு. சரக்கு இறக்கற மேடைகிட்ட நின்னுட்டு இருந்தார், துடைப்பம் கையில. அப்போதான் சொன்னார். காலையில கறுப்புப் பெட்டி அந்த வழியாதான் உள்ள போச்சாம், டிரெஸ்ஸிங் ரூம்ல ஃபோட்டோ எடுக்க. கதவு தானா மூடிக்கற இரும்புக் கதவு, பெட்டி பெருசு, அதனால இவர்தான் கால்ல முட்டுக் குடுத்து கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கார். பெட்டி அவரைத் தாண்டிப் போச்சு. பின்னாடியே கோட்டு போட்டவங்க ஒரு பத்து பேர். அந்தத் தம்பி நடுவுல எங்கயோ, யார் கூடவோ பேசிக்கிட்டே போயிட்டான். அரை மணி நேரம் கழிச்சு அதே பெட்டி அதே வழியா வெளிய வந்துச்சு, மறுபடி கால்ல முட்டு. அவ்வளவுதான். கப்பை அவர் பாக்கல. பெட்டி நல்ல கனமா இருக்கும் போல, ரெண்டு பேர் தூக்கினாங்கன்னு சொன்னார். அதைச் சொல்றப்ப குரல்ல கோவமே இல்ல, அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அந்தப் பையன் கெட்டவன் இல்ல தம்பிகளா. எனக்கு அது நல்லாத் தெரியும். அவனை எங்க நிறுத்தணும், யார் கூட நிறுத்தணும்னு வேற யாரோ நிமிஷத்துக்கு நிமிஷம் பேப்பர்ல போட்டு வச்சிருந்தாங்க. உங்க ஒரு நாளை நீங்க பிளான் பண்ணலைன்னா பணம் திரட்டற ஆபீஸ் பிளான் பண்ணிடும், இதுதான் நான் அன்னிக்குக் கத்துக்கிட்டது. பணம் திரட்டறது பாவம்னு சொல்லல, அந்தப் பணத்துலதான் ரிங்க்குல கூரை ஒழுகாம இருக்கு, அதுவும் தெரியும். கூடாரம் போடுங்க, போட்டுக்கோங்க. அது ரெண்டாவது நிகழ்ச்சியா இருக்கட்டும்.

கப் மேல ஒரு பேர் ஏறதுக்குப் பின்னாடி காலேஜ் எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஆனாலும் சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க படிக்கறாங்க. ஒரு காலத்துல என்.எச்.எல்.ல காலேஜ் படிச்சவன்னா அதிசயம். 1971ல கென் ட்ரைடன்னு கார்னெல்ல ஹிஸ்டரி படிச்ச ஒரு கோல்கீப்பர், ரெகுலர் சீசன்ல வெறும் ஆறு மேட்ச் ஆடிட்டு நேரா பிளே-ஆஃப்ல நின்னு மான்ட்ரியலுக்கு கப் வாங்கிக் குடுத்தார், அந்தத் தொடரோட சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான், இதுல வேடிக்கை என்னன்னா வருஷத்தோட சிறந்த புதுமுகம்ங்கற பரிசு அவருக்கு அதுக்கு அடுத்த வருஷம்தான் கிடைச்சது. 2025 செப்டம்பர்ல அவர் காலமானார். அவர் ஆடின கார்னெல்லோட லைனா ரிங்க்ல இன்னிக்கும் ஹார்வர்டு வந்தா பசங்க ஐஸ்ல மீனை எறியறாங்க, நிஜ மீன். அந்த நாத்தத்தை யார் கழுவறாங்கன்னு நான் யோசிப்பேன், பழைய தொழில் புத்தி.

ஆளுக்கு ஒரு நாள்ங்கற பழக்கம் தொடங்கினது 1995ல நியூ ஜெர்சி டெவில்ஸ் ஜெயிச்சப்ப. அந்த டீமைப் பாருங்க, நீல் பிராட்டன் மினசோட்டா, பில் கெரின் பாஸ்டன் காலேஜ், கிறிஸ் டெரேரி பிராவிடன்ஸ், ரேண்டி மெக்கே மிச்சிகன் டெக், பிரையன் ரோல்ஸ்டனும் ஜிம் டௌடும் லேக் சுப்பீரியர் ஸ்டேட். ஏன் இத்தனை காலேஜ் பசங்கன்னா டீமைக் கட்டின லூ லாமரெல்லோவே பிராவிடன்ஸ் காலேஜ்ல கோச்சா இருந்து வந்தவர். ஆக இந்த ஒரு நாள் வழக்கத்தோட முதல் வருஷமே காலேஜ்காரங்க கையிலதான் அது இருந்துச்சு. இன்னிக்கு லீக்ல மூணுல ஒரு பங்கு காலேஜ் வழியா வந்தவங்க.

அதுல வெர்மான்ட் கதை எனக்கு எப்பவும் ஸ்பெஷல். மார்ட்டின் செயின்ட் லூயியும் டிம் தாமஸும் 90கள்ல ஒரே டீம், 1996ல வெர்மான்ட்டை கடைசி நாலு டீம் வரைக்கும் கொண்டு போனாங்க. ஒருத்தர் குள்ளம்னு எந்த டீமும் டிராஃப்ட்ல (புது ஆளுங்களை டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்கறது) எடுக்கவே இல்ல, இன்னொருத்தரை 217வது ஆளா எடுத்து வருஷக்கணக்கா ஃபின்லாந்து ஸ்வீடன்னு அலைய விட்டாங்க. 2004ல முதல் ஆள் டாம்பா டீமோட கப் தூக்கினார். 2011ல ரெண்டாவது ஆள் 37 வயசுல, வான்கூவர்ல போய் கடைசி மேட்ச்ல ஒரு கோல் கூட விடாம, பாஸ்டனுக்கு 39 வருஷம் கழிச்சு வாங்கிக் குடுத்தார். பெரிய ஆளுங்க கண்ணுல படாத ரெண்டு பசங்களை ஒரு சின்ன மலை நாட்டு காலேஜ் நாலு நாலு வருஷம் வச்சு ஆட விட்டுச்சு, கதை அவ்வளவுதான்.

அதே மாதிரி ஆம்ஹர்ஸ்ட்ல யூமாஸ், அதாவது மாசசூசெட்ஸ் யுனிவர்சிட்டி. ஜொனாதன் க்விக், கானர் ஷியரி, பிராண்டன் மோன்டூர், கேல் மக்கார், எல்லாருமே அங்கருந்து போய் கப் ஜெயிச்சவங்க. மக்கார் கதையைக் கேளுங்க. 2019 ஏப்ரல்ல வெள்ளிக்கிழமை காலேஜ் ஹாக்கியோட பெரிய பரிசான ஹோபி பேக்கரை வாங்கினான், சனிக்கிழமை ஃபைனல்ல மினசோட்டா டுலூத் கிட்ட 3-0 தோல்வி, திங்கக்கிழமை டென்வர்ல என்.எச்.எல். பிளே-ஆஃப்ல முதல் மேட்ச், எதிர்ல தன் சொந்த ஊர் கால்கரி, அவங்க மேலயே கோல். மூணு நாள்! துணியை மடிச்சு வைக்கக்கூட நேரம் இருந்திருக்காது. ரூம்மேட்டுக்கு டாட்டா சொன்னானோ இல்லையோ. 2021ல அவன் இல்லாமலே பசங்க காலேஜ் சாம்பியன் ஆனாங்க, அடுத்த வருஷம் அவன் கொலராடோவுக்கு கப் வாங்கிக் குடுத்தான். இப்படி அவசரமா கிளம்பிப் போனவங்க திரும்பி வர ஒரு காரணம் வேணும், கப்பை விட நல்ல காரணம் எது.

இனிமே இந்த அவசரம் இன்னும் கூடப் போகுது. முன்னாடி கனடா மேஜர் ஜூனியர் லீக்ல ஆடினா காலேஜ்ல ஆட முடியாது, 2025-26லேர்ந்து அந்தத் தடையை எடுத்துட்டாங்க. அங்கருந்து பெரிய பெரிய ஆட்டக்காரங்க வர்றாங்க, நல்லதுதான், டிக்கெட் கிடைக்க மாட்டேங்குது. ஆனா நிறைய பேர் ஒரு வருஷம் இருந்துட்டுப் போற ஆளுங்க. ஜாக் ஐக்கல் பாஸ்டன் யுனிவர்சிட்டியில ஒரே ஒரு வருஷம்தான், 2023ல வேகாஸ் டீமோட கப். ஒரு வருஷம் ஆடினவன் என் காலேஜ்னு சொல்லலாமான்னு சில பழைய ஆளுங்க முணுமுணுப்பாங்க. சொல்லலாங்க. ஒரு செமஸ்டர் ஹாஸ்டல் சாம்பார் சாப்பிட்டவன் கூட நம்ம காலேஜ்தான்னு நாம ரீயூனியன்ல சேத்துக்கறதில்லையா.

இப்போ நடைமுறைக்கு வர்றேன்.

முதல் சிக்கல் மாசம். கப் ஊர் சுத்தறதே கோடையில. ஜூலையில காலேஜ் ஊர்களைப் பாத்திருக்கீங்களா, ஈ ஓட்டும். பசங்க இல்ல, பாதி கடை மூடியிருக்கும், ரிங்க்ல ஐஸைக்கூட எடுத்துட்டு வெறும் சிமெண்டுத் தரையா இருக்கும். அப்போ வந்தா பார்க்கறது யாரு, கூடாரத்துக்காரங்கதான். ஆகஸ்ட் கடைசியில வாங்க. அப்போதான் பசங்க பெட்டி படுக்கையோட வந்து இறங்குவாங்க, ரிங்க்லயும் ஐஸ் போட்டுட்டு இருப்பாங்க. ஐஸ் போடறதைப் பாத்ததில்லைன்னா ஒரு தடவை பாருங்க, ஒரே தடவையா தண்ணி ஊத்த மாட்டாங்க, சில்லுன்னு ஆன தரை மேல பனி மாதிரி தூவி, அது உறைஞ்சதும் மறுபடி தூவி, வெள்ளை பெயிண்ட் அடிச்சு, கோடு போட்டு, மறுபடி தூவி, ராத்திரி பகலா செஞ்சாலும் மொத்தமா ஒரு இஞ்ச் கனம்தான் வரும். அதைச் செய்யற கைங்களுக்கு முன்னாடி கப்பை வைங்க. யாருக்கு எந்தத் தேதின்னு ஹால் ஆஃப் ஃபேம்ல பட்டியல் போடறப்பவே கேட்டுடுங்க, ஆகஸ்ட் கடைசி தேதிக்கு அடிதடி கொஞ்சம் கம்மியா இருக்கும்னு எனக்கு ஒரு கணிப்பு, எல்லாரும் படகு ஓட்ட ஜூலைதான் கேப்பாங்க.

அடுத்தது தூரம். 24 மணி நேரம்தான், கால்கரி எங்க ஆம்ஹர்ஸ்ட் எங்க. கோல்டன் பராய்கோ படிச்சது அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ்ல, கப் ஜெயிச்சது செயின்ட் லூயிஸ் டீமோட, வீடு ஆல்பர்ட்டாவுல, அந்தப் பையனைப் போய் ஒரே நாள்ல மூணு இடத்துக்கும் போன்னு சொல்ல முடியுமா. அதனால ஹால் ஆஃப் ஃபேம்காரங்களுக்கும் லீக்குக்கும் ஒரு வார்த்தை: வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், வீரர்களோட நாள் கணக்குல சேராம, ஒரு காலேஜுக்குன்னு ஒதுக்குங்க. ஜெயிச்ச டீம்ல இருக்கற காலேஜ்காரங்க சீட்டு எழுதிப் போட்டு குலுக்கிக்கட்டும். நம்ம ஏலச்சீட்டு மாதிரி, இந்த வருஷம் உனக்கு, அடுத்த வருஷம் எவன் ஜெயிக்கறானோ அவனுக்கு.

அப்புறம் தொடற விஷயம். ஜெயிக்காத வரைக்கும் கப்பைத் தொடக்கூடாதுன்னு உங்க ஆட்டக்காரங்களுக்குள்ள ஒரு சம்பிரதாயம் இருக்கு. காலேஜ் டீம்ல இப்போ ஆடற பசங்க ஒரு அடி தள்ளி கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிப்பாங்க, கோயில்ல கர்ப்பக்கிரகம் முன்னாடி நிக்கற மாதிரி, கண்ணுல அந்த ஆசை. அந்தக் காட்சிக்காகவே கொண்டு வரலாம். ஆனா அந்தச் சம்பிரதாயம் சமையல்காரங்களுக்கும் பஸ் டிரைவருக்கும் சாணை பிடிக்கறவருக்கும் கிடையாது, அவங்க தாராளமா தொடலாம், நீங்களே கையைப் பிடிச்சு வச்சு விடுங்க, இல்லன்னா கூச்சப்பட்டுட்டு நகர்ந்துடுவாங்க.

பொம்பளைப் பிள்ளைங்களுக்கும் இதேதான், இதை நான் கடைசியில சேத்தேன்னு நினைக்காதீங்க, என் பொண்ணு பக்கத்துல உக்காந்து எட்டிப் பாத்துட்டு இருக்கா. பொண்ணுங்களோட புரொபஷனல் லீக் பி.டபிள்யூ.எச்.எல். 2024ல ஆரம்பிச்சது, அதோட கோப்பை வால்டர் கப், முதல் ரெண்டு வருஷமும் மினசோட்டாதான். அந்த டீம்ல பல பேர் அதே ஊர் மினசோட்டா யுனிவர்சிட்டி பொண்ணுங்க, முதல் வருஷ பிளே-ஆஃப்ல சிறந்த ஆட்டக்காரி டெய்லர் ஹைஸ் அங்க படிச்சவங்கதான். பெண்கள் காலேஜ் ஹாக்கிக்குன்னே அமெரிக்காவுல முதல்ல கட்டின ரிங்க், ரிட்டர் அரீனா, 2002ல திறந்தது, அந்த கேம்பஸ்லதான் இருக்கு. அந்த டீம் ஆடற செயின்ட் பாலுக்கும் அந்த ரிங்க்குக்கும் நடுவுல கொஞ்ச தூரம்தான். விமானம் வேண்டாம், பெட்டியை கார் டிக்கியில போட்டுக்கிட்டு வரலாம்.

கிறிஸ் ட்ரூரின்னு ஒருத்தர். 1989ல சின்னப் பசங்க பேஸ்பால் உலகத் தொடர் ஜெயிச்ச டீம்ல பந்து போட்டவர், 1995ல பாஸ்டன் யுனிவர்சிட்டியோட காலேஜ் சாம்பியன், 1998ல ஹோபி பேக்கர், 2001ல கொலராடோவோட ஸ்டான்லி கப். ஒரு மனுஷன் வீட்டு ஷெல்ஃப்ல இவ்வளவையும் எங்க வைப்பார்ங்கறது வேற விஷயம். ஆனா பாருங்க, இதுல ஸ்டான்லி கப் மட்டும்தான் யார் வீட்டு ஷெல்ஃப்லயும் நிக்காது. அது எப்பவும் போய்க்கிட்டே இருக்கற சாமான். வாங்கிக் குடுத்த லார்டு ஸ்டான்லியே ஒரு கப் மேட்ச் கூட பாக்காம 1893ல இங்கிலாந்துக்கு கப்பலேறிட்டார். உங்க பேர் பொறிச்ச வளையத்தைக்கூட அம்பது அறுபது வருஷத்துல கழட்டி டொரன்டோவுல கண்ணாடிக்குள்ள வச்சிடுவாங்க, புதுப் பேருக்கு இடம் வேணுமே.

எங்க பெரியவர் ரிட்டயர் ஆகி ஃப்ளோரிடா போயிட்டார், குளிர் போதும்னு. 2024லயும் 2025லயும் ஃப்ளோரிடா டீமே கப் ஜெயிச்சப்ப நான் ஃபோன் பண்ணி, இப்பவாவது போய்ப் பாருங்க, உங்க ஊர் பீச்லயே வச்சுக்கிட்டு கூத்தடிக்கறாங்கன்னு சொன்னேன். கூட்டம், வெயில், முட்டி வலின்னு சாக்கு சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, அந்தப் பையனுக்கு இப்போ யார் சாணை பிடிக்கறாங்க, மேட்ச் பாத்தேன், திரும்பறப்ப வலது கால் வழுக்குதுன்னார்.

அதனால தம்பிகளா, ஆகஸ்ட் கடைசி வாரம், வேலை நாள், சாயந்தரம் நாலு மணி, ஷிஃப்ட் மாறுற நேரம். மெயின் வாசல்ல பேனர் கட்டியிருப்பாங்க, அந்தப் பக்கம் அப்புறம் போகலாம். வண்டியை ரிங்க் பின்னாடி விடுங்க, சரக்கு இறக்கற மேடை இருக்கும், ஸாம்போனி சுரண்டிக் கொட்டின ஐஸ் குவியல் பக்கத்துலயே இருக்கும், அதைப் பாத்து அடையாளம் தெரிஞ்சுக்கலாம். இரும்புக் கதவை யாராவது கால்ல முட்டுக் குடுத்து பிடிச்சிட்டு நிப்பாங்க. பெட்டியை அவங்களைத் தாண்டி உள்ள தூக்கிட்டுப் போகாதீங்க. அங்கயே இறக்கி வச்சு திறங்க.

இப்படிக்கு,
பழைய ஸ்கேட் கவுண்டர்க்காரன், சாத்தூர்